வரி கிடையாது, இடமும் கிடையாது

கார் பந்தயத்தை டி.வி.யில் பார்த்த கையோடு மொனாக்கோவைப் பற்றிக் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. பந்தயத்தைப் பற்றிக் கேட்டவர்கள் சொற்பம். மற்ற எல்லோருக்கும் அங்கே வீட்டு விலை எவ்வளவு என்றுதான் தெரிய வேண்டியிருக்கிறது. நம்மவர்கள் விவரமானவர்கள்.

கே: மொனாக்கோ நிஜமாகவே ஒரு நாடா, இல்லை பிரான்ஸில் ஒரு பேட்டையா? (எம்.ஆர்., விருதுநகர்)

ப: அசல் நாடு. கொடி, இளவரசர், தபால்தலை, 1993 முதல் ஐ.நா. சபையில் நாற்காலி எல்லாம் உண்டு. பரப்பு மட்டும் இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். வாடிகனுக்கு அடுத்தபடி உலகிலேயே சின்ன நாடு இதுதான். மூன்று பக்கம் பிரான்ஸ், நாலாவது பக்கம் மத்தியதரைக் கடல். காலையில் நடக்கக் கிளம்பினால், டாக்டர் சொன்ன தூரம் முடிவதற்குள் நாடு முடிந்துவிடும்.

கே: எல்லையில் பாஸ்போர்ட் கேட்பார்களா? (வி.கே., ஈரோடு)

ப: எல்லை எங்கே என்று தெரிந்தால்தானே கேட்பதற்கு! மேட்டுப் பக்கம் போசொலெய் என்ற பிரெஞ்சு ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சில தெருக்களில் இந்தப் பக்க நடைபாதை மொனாக்கோ, அந்தப் பக்க நடைபாதை பிரான்ஸ். இந்தப் பக்கத்துப் பால்கனிக்காரர் வருமான வரி கட்டுவதில்லை. எதிர்ப் பால்கனிக்காரர் கட்டுகிறார். இரண்டு பேருக்கும் தெரிவது ஒரே கடல். நீங்கள் இந்திய பாஸ்போர்ட்டோடு போவதாக இருந்தால் பிரான்ஸுக்குள் நுழையும் ஷெங்கன் விசா வேண்டும். ஏனென்றால் பிரான்ஸ் வழியாகத்தான் போயாக வேண்டும். மொனாக்கோவுக்கு விமான நிலையம் கிடையாது. ஓடுதளம் போட்டால் ஊர் இருக்காது.

கே: வருமான வரியே இல்லையாமே! அரசாங்கத்துக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது? (டி.எஸ்., தஞ்சாவூர்)

ப: கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். 19-ம் நூற்றாண்டின் நடுவில் மொனாக்கோ பரம ஏழை. எலுமிச்சையும் ஆலிவும் விளைந்த மான்டோன், ரோக்பிரூன் என்ற இரண்டு ஊர்களும் 1848-ல் முறுக்கிக்கொண்டு பிரிந்தன. 1861-ல் இளவரசர் மூன்றாம் சார்ல்ஸ் அவற்றை 40 லட்சம் ஃபிராங்குக்குப் பிரான்ஸிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். நாட்டின் பெரும்பகுதி போய்விட்டது. மிச்சம் இருந்தது பாறை. பாறையில் என்ன விளையும்? சூதாட்டம் விளைந்தது.

அன்றைக்குப் பிரான்ஸில் சூதாட்ட விடுதிக்குத் தடை. ஜெர்மனியில் ஹோம்பர்க் என்ற ஊரில் விடுதி நடத்திப் பழம் தின்று கொட்டை போட்ட பிரான்சுவா பிளாங்க் என்பவரிடம் 1863-ல் தொழிலை ஒப்படைத்தார்கள். அவருடைய நிறுவனத்தின் பெயரில் சூது என்ற வாடையே வராது: 'கடல் குளியல் கம்பெனி'. இன்றைக்கும் அதே பெயரில்தான் நடக்கிறது. அங்கே குளித்துவிட்டுப் போனவர்களும் உண்டு, சொத்தைத் தலைமுழுகிவிட்டுப் போனவர்களும் உண்டு. 1868-ல் ரயில் வந்தது. கூட்டமும் வந்தது. அடுத்த வருஷமே, 1869-ல், இளவரசர் தம் குடிமக்களுக்கு நேரடி வரியை ரத்து செய்துவிட்டார்.

இப்போது சூதாட்ட வருமானத்தை நம்பி அரசாங்கம் இல்லை. கஜானாவில் ஏறக்குறைய பாதி மதிப்புக்கூட்டு வரியிலிருந்து வருகிறது. பணக்காரர் சம்பாதிக்கும்போது கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு, செலவழிக்கும்போது பிடித்துக்கொள்கிறார்கள். செலவழிப்பதைத் தவிர வேறு சோலி இல்லாத ஊரில் இது கெட்டிக்கார ஏற்பாடு.

கே: அப்படியானால் பிரெஞ்சுக்காரர்கள் எல்லோரும் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் குடியேறிவிட மாட்டார்களா? (அதே டி.எஸ்., தஞ்சாவூர்)

ப: அந்தச் சந்தேகம் பிரான்ஸ் அதிபர் தெகோலுக்கும் வந்தது. 1962 அக்டோபரில் ஓர் இரவு மொனாக்கோவைச் சுற்றிச் சுங்கச் சோதனையைப் போட்டார். பட்டாளம் தேவைப்படவில்லை, சுங்க அதிகாரிகள் போதும். 1963-ல் ஒப்பந்தம் ஆனது. அங்கே போய்க் குடியேறும் பிரெஞ்சுக்காரர், பாரிஸில் இருந்தால் எப்படியோ அப்படியே பிரான்ஸுக்கு வரி கட்ட வேண்டும். தெகோல் ஆறடிக்கு மேல் உயரம். அவர் நின்று பார்த்தால் மொனாக்கோ முழுசும் தெரிந்திருக்கும்.

கே: மொனாக்கோக்காரர்களே அந்தச் சூதாட்ட விடுதியில் விளையாடக் கூடாதாமே? (ஆர்.ஜே., பல்லாவரம்)

ப: கூடாது. மொனாக்கோ குடியுரிமை உள்ளவருக்கு ஆட்ட மேஜையில் இடமில்லை. வாசலிலேயே அடையாள அட்டை பார்ப்பார்கள். அல்வாக் கடைக்காரர் தன் கடை அல்வாவைத் தின்பதில்லை.

கே: நான் மொனாக்கோக்காரன் இல்லை. ரூலெட்டில் ஜெயிக்க ஒரு வழி சொல்லுங்கள். (மறுபடியும் ஆர்.ஜே., பல்லாவரம்)

ப: இதற்காகத்தான் முதல் கேள்வியைக் கேட்டீர்கள் என்று அப்போதே நினைத்தேன். சக்கரத்தில் 37 குழிகள். 18 சிவப்பு, 18 கறுப்பு, ஒரு பூஜ்யம். சிவப்புக்கோ கறுப்புக்கோ பணம் கட்டுகிறவருக்குப் பூஜ்யம் விழுந்தால் நஷ்டம். தனி எண்ணின் மேல் நூறு ரூபாய் கட்டினால் சராசரியாக 2 ரூபாய் 70 காசு விடுதிக்குப் போய்ச் சேரும் கணக்கு. அந்தச் சில்லறையில்தான் அந்த மாளிகையின் தங்க முலாம் பூசிய கூரை நிற்கிறது.

1913 ஆகஸ்டில் ஒரு ராத்திரி அங்கே நடந்ததாகச் சொல்வார்கள்: ரூலெட் பந்து கறுப்பிலேயே போய் விழுந்துகொண்டிருந்தது. பத்து தடவை, பதினைந்து தடவை. இனி சிவப்பு வந்தே தீரும் என்று கூட்டம் அடித்துப் பிடித்துச் சிவப்பில் கொட்டியது. தொடர்ந்து 26 தடவை கறுப்பே விழுந்தது. 'இத்தனை தடவை வரவில்லை, அதனால் இப்போது வரும்' என்ற மயக்கத்துக்குக் கணக்குப் புத்தகங்களில் அந்த விடுதி இருக்கும் மான்டே கார்லோ பேட்டையின் பெயரையே வைத்துவிட்டார்கள். சக்கரத்துக்கு ஞாபக சக்தி கிடையாது. நமக்குத்தான் அது அளவுக்கு மீறி இருக்கிறது.

ஒரே ஒருவர் உருப்படியாக யோசித்தார். ஜோசப் ஜாகர், இங்கிலாந்தில் யார்க்ஷயர்க்காரர், நூற்பாலைத் தொழிலில் பழகியவர். சுழலும் எந்திரம் எதுவும் நூற்றுக்கு நூறு நேராக இருக்காது என்பது அவருக்குத் தெரியும். ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்து, எந்தச் சக்கரத்தில் எந்த எண் அடிக்கடி விழுகிறது என்று எழுதி வாங்கினார். ஒரு சக்கரம் கோணல் என்று கண்டுபிடித்து அள்ளினார். விடுதிக்காரர்கள் முழித்துக்கொண்டு சக்கரங்களில் கை வைத்ததும், கிடைத்தது போதும் என்று ஊருக்குக் கிளம்பினார். கோணலைக் கண்டுபிடிக்கப் பலருக்கு முடியும். எழுந்து வரத்தான் முடியாது. உங்களால் முடியுமா என்று உங்கள் வீட்டில் கேட்டு எழுதுங்கள்.

கே: வீடு என்ன விலை? (எம்.எஸ்., கோவை, கே.பி., சேலம், மற்றும் பலர்)

ப: உட்கார்ந்துகொள்ளுங்கள். சதுர மீட்டர் 50,000 யூரோவுக்கு மேல். நம் கணக்கில் சதுர அடி நாலு லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலி அடைத்துக்கொள்ளும் இடத்தை அங்கே வாங்கும் காசில் இங்கே ஒரு ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம். 'ஓடியோன்' என்று 170 மீட்டர் உயரக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அதன் உச்சி வீட்டில், நடன மேடையிலிருந்து சறுக்கி நேரே நீச்சல் குளத்தில் விழுவதற்குச் சறுக்குமரம் வைத்திருக்கிறார்கள். படியில் இறங்கினால் கால் வலிக்கும் அல்லவா.

மொனாக்கோ குடிமக்கள் இந்த விலைக்கு மாட்டிக்கொள்வதில்லை. அவர்களுக்கு அரசாங்கமே குறைந்த வாடகையில் வீடு கொடுக்கிறது. சுமார் 38,000 பேர் வாழும் நாட்டில் குடியுரிமை உள்ளவர்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு. சொந்த நாட்டில் சிறுபான்மையாக இருப்பது இவ்வளவு சௌகரியமாக வேறெங்கும் இராது.

கே: இடம் போதாமல் போனால் பக்கத்தில் கொஞ்சம் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே? (ஜி.டி., ராமநாதபுரம்)

ப: பக்கத்தில் பிரான்ஸ். விற்ற நிலத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? அதனால் கடலிடம் கேட்கிறார்கள். ஃபோன்வியே என்ற பேட்டை ஏறக்குறைய முழுக்கக் கடலைத் தூர்த்து உண்டாக்கியது. கால்பந்து மைதானமும் ஹெலிகாப்டர் தளமும் அங்கேதான். இடத்தை வீணாக்கவே மாட்டார்கள்: அந்த மைதானத்தின் புல்தரைக்கு அடியில் கார் நிறுத்துமிடம், பக்கவாட்டில் நீச்சல் குளம், அலுவலகங்கள். மேலே கோல் விழும்போது கீழே யாரோ காரை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருப்பார்.

2024 டிசம்பரில் 'மரேத்தெரா' என்ற புதுப் பேட்டையைத் திறந்தார்கள். ஆறு ஹெக்டேர், செலவு சுமார் 200 கோடி யூரோ. கடலடியில் 18 ராட்சதக் கான்கிரீட் பெட்டிகளை வரிசையாக இறக்கி, உள்பக்கத்தை மணலால் நிரப்பி, நாட்டின் பரப்பை மூன்று சதவீதம் பெருக்கிவிட்டார்கள். யுத்தம் இல்லாமல் ராஜ்யத்தை விஸ்தரித்த இளவரசர் என்று இரண்டாம் ஆல்பர்ட்டைச் சொல்லலாம். எதிரி மீன்கள்தான். அங்கிருந்த கடற்புல்லைப் பெயர்த்து வேறு இடத்தில் நட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்குப் பிடித்தது துறைமுகத்தின் அலைதடுப்பு. 352 மீட்டர் நீளம். உள்ளூரில் வைத்துக் கட்ட இடமேது? ஸ்பெயினில் அல்ஹெசிராஸ் துறைமுகத்தில் கட்டி முடித்து, 2002-ல் கடல் வழியே இழுத்து வந்து, கரையோரம் பொருத்தினார்கள். அதன் வயிற்றுக்குள்ளும் கார் பார்க்கிங்!

கே: பணக்காரர்கள் மட்டுமே இருந்தால் பாத்திரம் கழுவுவது யார்? (எஸ்.எல்., நாகர்கோவில்)

ப: நல்ல கேள்வி. காலை ஏழரை, எட்டு மணிக்கு அங்கே ரயில் நிலையத்தில் நின்றால் பதில் தெரியும். மலையைக் குடைந்து உள்ளே கட்டிய நிலையம் அது, 1999-ல் திறந்தார்கள். ஒரு பக்கம் நீஸ் நகரிலிருந்து, இன்னொரு பக்கம் இத்தாலியின் வென்டிமிலியாவிலிருந்து ரயில்கள் வருகின்றன. கதவு திறந்ததும் ஹோட்டல் சிப்பந்திகள், கொத்தனார்கள், நர்ஸுகள், வங்கி குமாஸ்தாக்கள், குழந்தை பார்க்கும் பெண்கள் எல்லோரும் ஒன்றாகக் கொட்டுகிறார்கள். எல்லா வழியாகவும் சேர்த்து தினமும் இப்படி வேலைக்கு வருகிறவர்கள் 50,000 பேருக்கு மேல். அதாவது நாட்டின் ஜனத்தொகையைவிட அதிகம் பேர் காலையில் வந்து, சாயங்காலம் திரும்புகிறார்கள்.

நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் பாறைக்குள் போகும் பாதை, கடைசியில் ஒரு லிஃப்ட். செங்குத்தான ஊர் என்பதால் தெருவுக்குத் தெரு பொது லிஃப்டும் நகரும் படிக்கட்டும் வைத்திருக்கிறார்கள். காசு கிடையாது. அந்த லிஃப்டில் வைரத் தோடும், பெயின்ட் டப்பாவும் சேர்ந்து ஏறும். மொனாக்கோவில் சமத்துவத்தைப் பார்க்க வேண்டுமானால் அந்த முக்கால் நிமிஷத்தில் பார்த்துவிட வேண்டும்.

நீஸ் விமான நிலையத்திலிருந்து ஹெலிகாப்டரில் ஏழு நிமிஷத்தில் வருகிறவர்களும் இருக்கிறார்கள். நீஸ் நகரிலிருந்து ரயிலில் வந்தால் இருபது நிமிஷத்துச் சொச்சம். ஜன்னல் பக்கம் கிடைத்தால் கடல் இலவசம்.

கே: ராணுவம் உண்டா? (என்.வி., வேலூர்)

ப: அரண்மனைக் காவலுக்குச் சுமார் 120 வீரர்கள். ஏறக்குறைய எல்லோரும் பிரெஞ்சுக்காரர்கள். காவல் மாற்றும் சடங்கு தினமும் சரியாக 11.55-க்கு. பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுக்குப் போக வேண்டாமா?

கே: அரச குடும்பம் எப்படி ஆட்சிக்கு வந்தது? தேர்தலிலா? (கே.ஆர்., மதுரை)

ப: சாமியார் வேஷத்தில். 1297 ஜனவரி 8-ம் தேதி இரவு, பிரான்சுவா கிரிமால்டி என்பவர் பிரான்சிஸ்கன் துறவி மாதிரி அங்கி போட்டுக்கொண்டு கோட்டைக் கதவைத் தட்டினார். பாவம், பரதேசி என்று திறந்தார்கள். அங்கிக்குள் கத்தி இருந்தது. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்! வழக்கமாக இந்த மாதிரிப் பூர்வகதைகளைப் பரம்பரைகள் மறைக்கப் பார்க்கும். இவர்கள் குடும்பச் சின்னத்திலேயே இரண்டு துறவிகளைக் கையில் வாளோடு நிறுத்தியிருக்கிறார்கள். நேர்மை!

தேர்தலும் உண்டு. 24 பேர் கொண்ட தேசிய சபை. 2023-ல் ஒரே அணி 24 இடங்களையும் பிடித்தது. சபையில் கத்தலே இல்லை. நம்மவர்களுக்கு ஒரு வாரம் அங்கே தூக்கமே வராது.

கே: அங்கே சிறை இருக்கிறதா? (பி.எம்., பாளையங்கோட்டை)

ப: இருக்கிறது, கடலைப் பார்த்தபடி. இதைப் பற்றி மாப்பசான் எழுதியதை டால்ஸ்டாய் எடுத்துத் தன் பாணியில் ஒரு கதையாகச் சொல்லியிருக்கிறார். கொலை செய்தவனுக்கு மரண தண்டனை. ஆனால் தலை வெட்டும் எந்திரமும் இல்லை, ஆளும் இல்லை. பிரான்ஸிடம் கேட்டால் 16,000 ஃபிராங்க். இத்தாலியிடம் கேட்டால் 12,000. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஆயுள் தண்டனையாக மாற்றினார்கள். காவலாளி சம்பளம், சாப்பாடு என்று வருஷம் 600 ஃபிராங்க் இழுத்தது. காவலாளியை நிறுத்தினார்கள், தானாக ஓடிவிடுவான் என்று. அவனோ வேளாவேளைக்கு அரண்மனைச் சமையலறைக்குப் போய்ச் சாப்பாடு வாங்கி வந்து, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கடைசியில் வருஷம் 600 ஃபிராங்க் பென்ஷன் கொடுத்து நாட்டைவிட்டு அனுப்பினார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் தோட்டம் போட்டுச் சுகமாக இருந்தானாம். கதைதான். ஆனால் ஏன் பொருந்துகிறதென்றால், மொனாக்கோ எதையும் தர்மமா அதர்மமா என்று பார்க்கும் முன் கட்டுப்படியாகுமா என்று பார்த்துப் பழகிய ஊர்.

கே: கறுப்புப் பணம் எல்லாம் அங்கேதான் இருக்கிறதா? (யு.எஸ்., சென்னை-17)

ப: பண மோசடியைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பு 2024 ஜூனில் மொனாக்கோவைச் சாம்பல் பட்டியலில் வைத்தது. கறுப்பு என்று சொல்லவில்லை.

கே: இவ்வளவு குறுகலான தெருவில் கார் பந்தயம் எதற்கு? (ஏ.எம்., திருப்பூர்)

ப: 1929-ல் ஆரம்பித்த வழக்கம். ஒரு சுற்று 3.337 கிலோமீட்டர், 78 சுற்று, மொத்தம் 260 கிலோமீட்டர். மற்ற ஃபார்முலா ஒன் பந்தயங்களுக்குக் குறைந்தது 305 கிலோமீட்டர் வேண்டும். மொனாக்கோவுக்கு மட்டும் சலுகை. ஹோட்டல் வாசலில் ஒரு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. உலகத்தின் அதிவேகக் கார்கள் அங்கே 50 கிலோமீட்டர் வேகத்துக்கும் கீழே வந்து, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திரும்புகின்றன. முந்துவது மகா கஷ்டம். சனிக்கிழமை தகுதிச் சுற்றில் முன்னால் நின்றவர் ஞாயிற்றுக்கிழமையும் பெரும்பாலும் முன்னாலேயே முடிப்பார். 1955-ல் அல்பெர்ட்டோ அஸ்காரி காரோடு துறைமுகத் தண்ணீரில் விழுந்து, நீந்திப் பிழைத்தார்.

2024-ல் சார்ல்ஸ் லெக்லெர்க் ஜெயித்தார். உள்ளூர்ப் பையன். 1931-ல் லூயி ஷிரோன் ஜெயித்த பிறகு மொனாக்கோக்காரர் ஒருவர் அங்கே ஜெயிக்க 93 வருஷம் ஆகியிருக்கிறது. பரிசளிக்கும்போது இளவரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வரி கட்டாத ஊரில் நான் பார்த்த ஒரே உப்புத் தண்ணீர், கடலைத் தவிர.

கே: ஒலிம்பிக்கில் எத்தனை மெடல்? (ஹெச்.பி., கடலூர்)

ப: 1920-லிருந்து போய்க்கொண்டிருக்கிறார்கள். விளையாட்டில் ஒன்றுகூட இல்லை. 1924-ல் ஜூலியன் மெதிசான் என்ற கட்டடக் கலைஞர் வெண்கலம் வாங்கினார். அப்போது ஒலிம்பிக்கில் கலைக்கும் போட்டி உண்டு. அவர் வாங்கியது ஒரு ஸ்டேடியத்தின் வரைபடத்துக்கு! பிறகு கலை மெடல்கள் கணக்கில் சேராது என்று சொல்லி அதையும் எடுத்துவிட்டார்கள். பனி அபூர்வமாகவே விழும் நாட்டிலிருந்து இளவரசர் ஆல்பர்ட்டே பாப்ஸ்லெட் பனிச்சறுக்கு வண்டியில் ஐந்து குளிர்கால ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். மெடலுக்காக இல்லை என்பது நிச்சயம்.

கே: மொனாக்கோ கொடியும் இந்தோனேசியா கொடியும் ஒன்றா? (எல்.கே., புதுச்சேரி)

ப: மேலே சிவப்பு, கீழே வெள்ளை. நீள அகல விகிதம் மட்டும் வேறே. மொனாக்கோவுடையது கொஞ்சம் குட்டை. துணியிலும் இடப் பற்றாக்குறை.

கே: கிரேஸ் கெல்லி நினைவாக அங்கே என்ன இருக்கிறது? (ஓர் அந்தக் கால ரசிகர், மயிலாப்பூர்)

ப: ஹாலிவுட்டை விட்டுவிட்டு 1956-ல் மொனாக்கோ இளவரசர் ரெய்னியரை மணந்தவர், 1982-ல் கார் விபத்தில் போய்விட்டார். ரோஜாத் தோட்டம் இருக்கிறது. 2007-ல் அவர் முகம் போட்டு இரண்டு யூரோ நாணயம் வெளியிட்டார்கள், மொத்தம் 20,001. இப்போது ஒன்றின் விலை ஆயிரம் யூரோவுக்கு மேல். இரண்டு யூரோவை ஆயிரமாக்க அந்த ஊரில் ரூலெட்டைவிட நிச்சயமான வழி அதுவாகத்தான் இருந்திருக்கிறது.

கே: என் மகனுக்கு மொனாக்கோப் பெண் பார்த்தால் குடியுரிமை கிடைக்குமா? (பெயர் வேண்டாம், காரைக்குடி)

ப: கிடைக்கும். முன்பு கல்யாணமாகிப் பத்து வருஷம் போதும் என்றிருந்தது. 2022-லிருந்து இருபது வருஷம். மனைவியோடு சண்டை சச்சரவில்லாமல் இருபது வருஷத்தைத் தள்ளிவிட்டால் பாஸ்போர்ட் கைக்கு வரும். வந்த அன்றைக்கே சூதாட்ட மேஜைப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிடுவார்கள்.